ஜூலையில் அருவி பேசாது

குதிரைக்கு நூற்றைம்பது மலோட்டி, கதைக்கு ஒன்றுமில்லை.
இப்படிச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.
சிரிப்பார்கள்.
சிரித்தவர்கள் திரும்பும்போது
கதைக்கும் சேர்த்தே தருவார்கள்.

மலூட்டி மலையில் எங்கள் அருவிக்கு
வரைபடத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்.
வாயில் உள்ளதை
வந்தவர்களிடம் சொல்வதில்லை.

விளிம்புவரை இரண்டு மணி நேரம்.
முன்னால் போகிற என் குதிரை லெஃபிஃபி.
இருட்டு என்று பொருள், நிறம் என்னவோ சாம்பல்.
விற்றவன் வைத்த பெயர், மாற்றினால் திரும்பாது.

ஜெர்மன்காரர்களுக்குப் பாம்புக் கதை:
குளத்தின் அடியில் சுருண்டு கிடக்கும் அது
இடம் மாறுகிற ராத்திரியில்
தகரக் கூரைகள் பறக்கும்.
(போன வருஷம் என் கூரையும் பறந்தது.
ஆணி சரியில்லை.)

தேனிலவுக்கு வந்தவர்களுக்கு
பெண் கேட்க மாடு போதாதவன் கதை.
ஒரே போர்வையில் இருவரும்
ஒரே முடிச்சாய்க் குதித்தார்கள்.
ஒரு மழைநாளில் நானே கட்டியது அது.
கேட்டவள் அழுதாள், வைத்துக்கொண்டேன்.
இப்போது அடுத்த பள்ளத்தாக்கில் ஒருவன்
எனக்கே அதைச் சொல்கிறான்,
"எங்கள் பாட்டன் கண்ணால் பார்த்தது" என்று.
நானும் உச்சுக்கொட்டினேன்.

மூன்றாவதை அதிகம் நீட்டுவதில்லை:
மூழ்கியவர்களின் குரல்தான் இந்த இரைச்சல்.
காற்று திரும்பும் நொடியில்
ஓலம் மட்டும் தனியே எழும்,
பாலில் ஆடை திரள்வதுபோல.

ஜனவரியில் ஐலா என்று ஒருத்தி வந்தாள்,
ஃபின்லாந்துக்காரி. படமே எடுக்கவில்லை.
பூனைவால் மாதிரி மயிர் போர்த்திய மைக்கை நட்டு
பாறையில் கண்மூடி உட்கார்ந்தாள்.
பாம்பும் வேண்டாம், காதலும் வேண்டாம்.
"உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்றாள்.

ட்ஷெலிசோ என்றால் ஆறுதல்.
ஒரு சாவுக்குப் பின் பிறக்கிற பிள்ளைக்கு
எங்களில் வைப்பது.
யாருடைய சாவு என்று அவள் கேட்குமுன்
சேணத்தின் வாரை
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

என் அம்மாவை ஊர் இன்றும்
மாமொகெத்தி என்றுதான் கூப்பிடுகிறது,
மொகெத்தியின் தாய்.
முதல் பிள்ளையின் பெயர்தான் தாயின் பெயர்.
ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடிக் கீழே இறங்கியபோது
அவனுக்கு ஒன்பது வயது.
குட்டி சாயங்காலம் தானாக வீடு வந்தது.

ஊருக்குப் போன ஐலா
நாலு நிமிஷச் சத்தத்தை
என் செல்பேசிக்கு அனுப்பியிருந்தாள்.

ஜூலையில் அருவி உறைந்துவிடும்.
உச்சியிலிருந்து குளம்வரை ஒரே வெள்ளை,
சொல்லப்போன வார்த்தை பாதியில் நின்றதுபோல.
பயணிகள் வரமாட்டார்கள்.
அம்மா மட்டும் வருவாள்.
மற்ற மாதங்களில் மாவு கிளறும்போதும்
ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டே இருப்பது
இந்த ஒரு மாதம் கேட்காது.
விளிம்பில் குதிரையை விட்டு
கைத்தாங்கலாய் அவளைக் கீழே இறக்குவேன்.
முழங்காலிட்டு
ஒரு கல்லால் பனிக்கட்டியைத் தட்டுவாள்.
காது வைப்பாள்.
மறுபடி தட்டுவாள்.

இந்த முறை செல்பேசியை எடுத்துப் போட்டுக் காட்டினேன்.
ஜனவரி முழு வெள்ளமாய் இறங்கியது
உள்ளங்கையளவு பெட்டியிலிருந்து.
போர்வைக்குள் அதை இழுத்து
காதோடு அழுத்திக்கொண்டு
நாலு நிமிஷமும் கேட்டாள்.
முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து
என்னிடம் நீட்டினாள்.

"இது தண்ணீர்ச் சத்தம்" என்றாள்.
கல்லைத் தேடி எடுத்தாள்.

டொக்.

மேலே விளிம்பில்
இருட்டு என்ற சாம்பல் குதிரை
ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.